மருந்து டேங்க் பேட்டரி 9 மாதத்தில் போய்விடுகிறது: சீல்டு பேட்டரிக்கு எப்படித்தான் சார்ஜ் போடுவது?

கொறங்காட்டான் (காங்கயம்)

வணக்கமுங்க. எங்களுக்குத் தென்னை கொஞ்சம், முருங்கை 2 ஏக்கர், மீதி கொறங்காடு (மேய்ச்சல் நிலம்). முருங்கைக்கு மருந்தடிக்க 16 லிட்டர் பேட்டரி டேங்க் வைத்திருக்கிறேன். உள்ளே 12 வோல்ட் 8 ஏ.எச். (ஆம்பியர்-மணி, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) சீல்டு பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய பேட்டரி. வாங்கின புதிதில் ஒரு சார்ஜுக்கு 18 டேங்க் அடித்தது. இப்போது 5 டேங்குக்கே பம்பு முனகுகிறது.

இது இரண்டாவது பேட்டரி. முதலாவது 9 மாதத்தில் பக்கவாட்டில் உப்பிவிட்டது. இது 11 மாதம் ஆகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, சார்ஜ் நிற்பதில்லை. கடையில் கேட்டால் வருசத்துக்கு ஒன்று மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். புதிது 1,100 ரூபாய் சொல்கிறார்கள்.

சார்ஜர் டேங்கோடு வந்ததுதான். மேலே 12 வோல்ட், 1.7 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பொழுதோட (சாயங்காலம்) போட்டால் காலையில் கழற்றுவோம். சில சமயம் மறந்து இரண்டு நாள் அப்படியே கிடக்கும். மருந்தடித்து முடித்தால் டேங்கைக் கழுவி அட்டாலியில் (பரணில்) ஏற்றிவிடுவோம். மறுபடி மருந்தடிக்கிறதுக்கு முந்தின நாள்தான் சார்ஜ். நான் எங்கே தப்பு செய்கிறேன்? அதிகம் செலவில்லாமல் நல்ல சார்ஜர் செய்துகொள்ள வழி இருக்கிறதா?


ரிப்பேர் பெஞ்ச் (கோவை, காந்திபுரம்)

தம்பி, மல்டிமீட்டர் கையில் இருக்கிறதா? இருந்தால் மூன்று அளவு எடுத்துப் போடுங்கள். ஒன்று, பேட்டரியை மாட்டாமல் சார்ஜர் முனையில் என்ன வோல்டேஜ். இரண்டு, ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்த பிறகு, கழற்றாமலே பேட்டரி முனையில் என்ன வோல்டேஜ். மூன்று, கழற்றி 12 மணி நேரம் சும்மா வைத்த பிறகு என்ன வோல்டேஜ். இந்த மூன்றையும் பார்க்காமல் யார் சொன்னாலும் அது குருட்டு வைத்தியம்தான்.


மலையடிவாரம் (சத்தியமங்கலம்)

எங்கள் அப்புச்சி வீட்டில் சார்ஜர் என்றே ஒன்று கிடையாது. 230 வோல்ட் லைனில் ஒரு 100 வாட் குண்டு பல்பு, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ஒரு டையோடு, அப்புறம் பேட்டரி. வரிசையாக மாட்டிவிட்டால் மெதுவாக ஏறும். செலவு 20 ரூபாய். மாமா இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார். அவரிடம் அளவு கேட்டுச் சொல்லவா?


ரிப்பேர் பெஞ்ச்

வேண்டாம். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். மாமாவிடமும் இன்றைக்கே சொல்லி நிறுத்துங்கள்.

பேட்டரி 12 வோல்ட்தானே, தொட்டால் என்ன என்று தோன்றும். இந்த முறையில் பேட்டரிக்கும் லைனுக்கும் நடுவில் தடுப்பே கிடையாது. பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில்தான் 12 வோல்ட். முனைக்கும் தரைக்கும் நடுவில் முழு லைன் வோல்டேஜ் நிற்கலாம். 230 வோல்ட் லைனின் உச்சி 325 வோல்ட் வரை போகிறது. பல்பு தடுக்கும் என்று நினைப்பார்கள். 100 வாட் பல்பு 0.4 ஆம்பியர் வரை விடும். ஆளைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்கே ஏராளம். மோட்டார் ரூமில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கிளிப்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இப்படித் தூக்கி எறியப்பட்ட ஒருவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிழைத்துக்கொண்டார், கை இன்னும் சரியாகவில்லை.

லைனுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மரோ நல்ல அடாப்டரோ இருந்தே ஆகவேண்டும். தோட்டத்து லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள்.


மலையடிவாரம்

சரிங்கண்ணா, புரிகிறது. மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டார், அப்புறம் கழற்றிவிட்டதாகச் சொன்னார்.


கொறங்காட்டான்

மீட்டர் கடன் வாங்கிப் பார்த்தேன். பேட்டரி இல்லாமல் சார்ஜர் முனையில் 17.2 வோல்ட். ராத்திரி 8 மணிக்குப் போட்டுக் காலையில் பார்த்தால் பேட்டரி முனையில் 15.6, அப்போதும் 0.6 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. பேட்டரி கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. கழற்றிவைத்துப் பொழுதோட பார்த்தால் 12.4. பம்பை ஓட்டினால் மடமடவென்று 10.5க்கு இறங்குகிறது.


ரிப்பேர் பெஞ்ச்

நல்ல வேலை செய்தீர்கள். இப்போது கதை தெளிவாக இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

12 வோல்ட் பேட்டரிக்குள் 2 வோல்ட் அறைகள் 6 இருக்கின்றன. முழு சார்ஜ் ஏறிய நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.8க்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.8 என்றால் ஏறக்குறைய காலி.

சார்ஜ் ஏற்றும்போது ஒரு எல்லை உண்டு. எப்போதும் மாட்டியே வைப்பதானால் 13.5 முதல் 13.8 வோல்ட். வேலைக்கு எடுத்து, காலியாக்கி, மறுபடி ஏற்றுவதானால் 14.4 முதல் 14.7 வரை போகலாம், ஏறியதும் கழற்றிவிட வேண்டும். இதெல்லாம் 25 டிகிரிக்கான கணக்கு. பேட்டரியின் பக்கவாட்டிலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பான், பாருங்கள்.

உங்கள் சார்ஜருக்குள் ஒரு டிரான்ஸ்பார்மரும் டையோடும் தவிர ஒன்றும் இருக்காது. நிறுத்தத் தெரியாத சார்ஜர். பேட்டரி நிறைந்த பிறகும் 15.6 வோல்ட்டில், அதாவது அறைக்கு 2.6 வோல்ட்டில், தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஏற்றிக்கொள்ள ஈயத் தகட்டில் இடமில்லாதபோது அந்தக் கரண்ட் உள்ளே இருக்கிற தண்ணீரைத்தான் உடைக்கும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரியும். சீல்டு பேட்டரியில் கரண்ட் கொஞ்சமாக இருந்தால் இரண்டும் உள்ளேயே மறுபடி சேர்ந்து தண்ணீராகிவிடும். அதனால்தான் அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை. கரண்ட் அதிகமானால் சேர நேரமில்லாமல் அழுத்தம் ஏறி, மேலே உள்ள ரப்பர் வால்வு திறந்து வாயு வெளியே போய்விடும். போன தண்ணீர் போனதுதான். சூடும் சேர்ந்தால் பெட்டி உப்பும். உங்கள் முதல் பேட்டரி இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது பேட்டரியின் சாவு வேறு மாதிரி. அட்டாலிதான் காரணம். பேட்டரி காலியாகும்போது இரண்டு பக்கத் தகட்டிலும் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் பொடியாக இருக்கும் அந்தப் படிவு கரைந்து பழையபடி ஆகிவிடும். காலியாகவே வாரக்கணக்கில் கிடந்தால் அந்தப் பொடி கெட்டிப் படிகமாக வளர்ந்துவிடும். அப்புறம் அது சார்ஜுக்கு மசியாது. வோல்டேஜ் மட்டும் சீக்கிரம் ஏறும், சரக்கு இருக்காது. உங்கள் பேட்டரி 12.4 காட்டிவிட்டுப் பம்பு ஓடினதும் படுத்துக்கொள்வது அதனால்தான்.

ஆக, மருந்தடித்து முடித்த அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். எந்த சார்ஜர் என்பது அடுத்த பேச்சு.


மில் மெயின்டனன்ஸ் (பீளமேடு)

நான் 31 வருசம் நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் பார்த்தவன். தம்பி சொன்னது அத்தனையும் சரி. அந்தக் காலத்தில் நாங்கள் எமர்ஜென்சி லைட்டுக்கு இப்படித்தான் சார்ஜர் செய்வோம், இன்றைக்கும் என் வீட்டில் ஓடுகிறது. 15 வோல்ட் 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ் டையோடு, 2200 மைக்ரோஃபேரட் 35 வோல்ட் கப்பாசிட்டர், வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்துகிற எல்.எம். 317 ஐ.சி. ஒன்று. அதன் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் 240 ஓம். அட்ஜஸ்ட்டிலிருந்து மைனஸுக்கு 2.2 கிலோ ஓமும் அதோடு 500 ஓம் பிரீசெட்டும் (திருகி மாற்றுகிற ரெசிஸ்டர்). பிரீசெட்டைத் திருகினால் சுமார் 12.8 முதல் 15.4 வரை வரும். பிரீசெட்டின் நடுக்காலை ஒரு ஓரக்காலோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுங்கள். நடுக்கால் தொடர்பு விட்டுப்போனாலும் வோல்டேஜ் 15.4க்கு மேல் பாயாது.

எல்.எம். 317 தாங்குவது 1.5 ஆம்பியர்தான். அதனால் கப்பாசிட்டருக்கும் அதற்கும் நடுவில் வண்டி இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வரிசையில் போடுவேன், 12 வோல்ட் 21 வாட். காலி பேட்டரிக்கு சுமார் 1 ஆம்பியரில் நிறுத்திவிடும். பேட்டரி நிறைய நிறையப் பல்பு மங்கி அணைந்துவிடும். சத்தியமங்கலம் தம்பியின் அப்புச்சி பல்பு போட்டது தப்பில்லை, போட்ட இடம்தான் தப்பு. டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் இருந்தால் அது காவல்காரன்.

ஐ.சி. சுடும். உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டில் முறுக்குங்கள். அதன் உலோக முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது, பெட்டியில் படாமல் மைக்கா வைக்கவேண்டும்.


ரிப்பேர் பெஞ்ச்

ஐயா கொடுத்தது பத்து வருசம் ஓடும். இன்றைக்கு 2 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் புதிதாக வாங்கினால் செலவு கூடுகிறது, அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்துகொடுப்பது இன்னொரு வழி. பழைய லேப்டாப் அடாப்டர், 19 வோல்ட் 3.42 ஆம்பியர். உக்கடம் பழைய சாமான் கடையில் 200 ரூபாய்க்கு எடுத்தேன். லைனிலிருந்து பிரிக்கும் வேலையை அதுவே செய்துவிடும். அதன்பின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற எக்ஸ்.எல். 4015 போர்டு. இரண்டு திருகு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்: ஒன்று வோல்டேஜுக்கு, மற்றது கரண்டுக்கு. ஒரே திருகு உள்ளது இந்த வேலைக்கு ஆகாது. நான் 180க்கு வாங்கினேன். அப்புறம் ஒரு ஷாட்கி டையோடு, 1என் 5822. ஃபியூஸ் ஹோல்டர், 3 ஆம்பியர் ஃபியூஸ். எல்லாம் சேர்த்து 450 ரூபாய்க்குள் முடிந்தது.

டையோடை அவுட்புட் பிளஸ்ஸில் போடுங்கள். லைனில் கரண்ட் நின்றுபோனாலும் பேட்டரி பின்பக்கமாக போர்டுக்குள் வடியாது. வோல்டேஜை டையோடுக்கு அப்புறம், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை முனையில் வைத்து, அங்கே அளந்து 13.8க்குத் திருகுங்கள். டையோடுக்கு முன்னால் அளந்தால் பேட்டரிக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். கரண்டுக்கு, மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் போட்டு அவுட்புட்டை மீட்டர் வழியாகவே ஷார்ட் செய்து 0.8 ஆம்பியருக்குத் திருகுங்கள். ஏ.எச்.சில் பத்தில் ஒரு பங்கு என்பது பயமில்லாத கணக்கு. 8க்கு 0.8.

ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். இந்தச் சின்னப் பேட்டரி ஷார்ட் ஆனால் 100 ஆம்பியருக்கு மேல் கக்கும், வயர் பழுத்துவிடும். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும், ஒரு பக்கமாக மட்டும் நுழைகிற கனெக்டர் போட்டுவிடுங்கள்.


மில் மெயின்டனன்ஸ்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கரண்ட் அளந்த பிறகு மீட்டரின் சிவப்பு வயரைப் பழைய ஓட்டைக்கு மாற்றுங்கள். 10 ஆம்பியர் ஓட்டையிலேயே விட்டுவிட்டு பேட்டரி வோல்டேஜ் பார்க்கப் போனால் அது நேர் ஷார்ட். மலிவான மீட்டரில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸே இருக்காது. எத்தனையோ பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.


பரமத்தி வெயில் (கரூர்)

எல்லோரும் 25 டிகிரிக் கணக்கே சொல்கிறீர்கள். எங்கள் கரூர் பரமத்தியில் கோடையில் 40ஐத் தாண்டும். தகரக் கொட்டகை மோட்டார் ரூமுக்குள் இன்னும் அதிகம். சூட்டில் பேட்டரிக்கு வோல்டேஜ் குறைத்துக் கொடுக்கவேண்டும். மாட்டியே வைக்கிற முறையில், அறைக்கு, டிகிரிக்கு 3 மில்லிவோல்ட். 6 அறைக்கு 18. 15 டிகிரி கூடினால் 0.27 வோல்ட். அப்படியானால் 13.7 இருக்கவேண்டிய இடத்தில் 13.4தான் சரி. நான் சித்திரை வைகாசியில் 13.4, மார்கழியில் 13.8 என்று திருகிவிடுகிறேன். 10 டிகிரி கூடினால் பேட்டரி ஆயுள் பாதி என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. முடிந்தால் கொட்டகையைவிட்டு எடுத்து, ஓட்டு வீட்டுத் திண்ணையில் வைத்து ராத்திரியில் சார்ஜ் போடுங்கள்.


கொறங்காட்டான்

சாமான் வாங்கியாகிவிட்டது. ஒரு சந்தேகம்: 13.8லேயே நிறுத்தினால் முழுதாக ஏறுமா? 14.4 வைத்தால் சீக்கிரம் ஏறுமே?


ரிப்பேர் பெஞ்ச்

ஏறும், மெதுவாக. முக்கால் பங்கு 7, 8 மணி நேரத்தில் ஏறிவிடும். மீதிக் கால்பங்குக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும், ஏனென்றால் வோல்டேஜ் எல்லையைத் தொட்டதும் கரண்ட் தானாகக் குறைந்துகொண்டே போகும். உங்களுக்கு மருந்தடிப்பது 10 நாள், 15 நாளுக்கு ஒரு தடவை. இரண்டு நாள் மறந்து கிடந்தாலும் கெடாத 13.8தான் உங்களுக்கு ஏற்றது.


பரமத்தி வெயில்

இதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணா. தினமும் காலியாக்கி ஏற்றுகிறவனுக்கு 13.8 மட்டும் போதாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையாகவே நின்று, அந்தக் குறை சல்பேட்டாகச் சேர்ந்துகொண்டே போகும். நான் வாடகைக்கு மைக் செட் விடுகிறேன். திருவிழா மாதத்தில் தினம் ஒரு ஊர். 13.8லேயே விட்ட பேட்டரி எல்லாம் ஒரு வருசத்தில் பாதியாகிவிட்டது. 14.4க்கு மாற்றினேன், கரண்ட் 0.1 ஆம்பியருக்குக் கீழே வந்ததும் கழற்றுகிறேன். இப்போது இரண்டாவது வருசம் நன்றாக ஓடுகிறது.


ரிப்பேர் பெஞ்ச்

நீங்கள் சொல்வதுதான் சரி, நான் அவருடைய வேலையை மட்டும் நினைத்துச் சொன்னேன். தினம் ஓடுகிற பேட்டரிக்கு 14.4, ஆனால் பக்கத்தில் ஆள் இருந்து கழற்றவேண்டும். எப்போதாவது ஓடுகிறதுக்கு 13.8. காங்கயம் தம்பி மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் 14.4க்குத் திருகி, காலையில் போட்டுப் பொழுதோட கழற்றினால் குறை தீர்ந்துவிடும்.


பனியன் கணக்கு (திருப்பூர்)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பனியன் கம்பெனி ஆபீஸில் பில் போடுகிற கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்.ஸில் இருந்து நேற்றுக் காலை அழுகின முட்டை நாற்றம் வந்தது. ஏதோ எலி செத்துவிட்டது என்று பெருக்கித் தேடினோம். மத்தியானம் யு.பி.எஸ். மேல் கை வைத்தால் தொட முடியாத சூடு. உள்ளே 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, 4 வருசமாக மாற்றவே இல்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டோம். ராத்திரி வாசலில் வைத்து அளந்தபோது 10.6 வோல்ட். இதற்கு சார்ஜ் போட்டுப் பார்க்கலாமா?


மில் மெயின்டனன்ஸ்

போடாதீர்கள் அம்மா. மெயினை அணைத்தது, ஜன்னலைத் திறந்தது, வாசலுக்குக் கொண்டுபோனது மூன்றும் மிகச் சரியான காரியம்.

10.6ஐ 5ஆல் வகுத்துப் பாருங்கள், 2.12 வரும். அதாவது 6 அறையில் ஒன்று உள்ளேயே ஷார்ட் ஆகிச் செத்துவிட்டது, மற்ற 5 உயிரோடு இருக்கின்றன. யு.பி.எஸ்.ஸுக்கு அது தெரியாது. வழக்கம்போல 13.7 கொடுக்கும். 5 அறைக்கு அது பிரிந்தால் அறைக்கு 2.74. தண்ணீர் உடைந்து, சூடாகி, சூட்டால் இன்னும் கரண்ட் இழுத்து, அதனால் இன்னும் சூடாகி, அப்படியே ஏறிக்கொண்டு போகும். அந்த முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு. அதோடு வருகிற ஹைட்ரஜனுக்கு மணமே கிடையாது, காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். நாற்றம் வரும்போது கிளிப்பைக் கையால் பிடுங்கக் கூடாது, பொறி பறக்கும். தூரத்தில் உள்ள சுவிட்சைத்தான் அணைக்கவேண்டும்.

புதிது மாட்டும்போது யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள். இந்த பேட்டரிகளில் நல்லது 2 கிலோவுக்கு மேல் இருக்கும், ஈயம் அவ்வளவு வேண்டும். கடையில் தராசில் போடச் சொல்லுங்கள். ஒன்றரைக் கிலோ நின்றால் வாங்காதீர்கள்.


பனியன் கணக்கு

நன்றிங்க ஐயா. தலைவலியோடு இருந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவைத்தோம், இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். பழையதை எடுத்துக்கொண்டு கடைக்காரர் விலையில் கழித்துக்கொண்டார்.


ஆனைமலைத் தென்னை (பொள்ளாச்சி)

காட்டுப்பன்றிக்காக சோலார் வேலி போட்டிருக்கிறோம். 12 வோல்ட் 26 ஏ.எச். பேட்டரி, 40 வாட் பேனல், நடுவில் ஒரு டையோடு மட்டும். கோடையில் பேட்டரி மேல் வேர்வை மாதிரி ஈரம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மேகமும் வந்துவிட்டால் நடுராத்திரியில் வேலி மெஷின் நின்றுவிடுகிறது. ஆள் ஒருவர், பேசாமல் லைன் கரண்டையே வேலிக்குக் கொடுத்துவிடு என்கிறார்.


ரிப்பேர் பெஞ்ச்

கடைசி வரிக்கு முதலில் பதில். லைனை வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம். வேலி மெஷின் சுமார் ஒரு நொடிக்கு ஒரு தடவை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம் மட்டுமே அடிக்கும், பட்டவன் விலகிக்கொள்வான். லைன் கரண்ட் பிடித்தால் விடாது. உங்கள் பக்கம் யானை வருகிற ஊர். ஆடு மேய்க்கிற பிள்ளையும் வரும். வழக்கு, ஜெயில் எல்லாம் அப்புறம், முதலில் உயிர்.

எதிலும் மாட்டாமல் இருக்கும்போது பேனல் 21 வோல்ட் வரை கொடுக்கும். டையோடு திரும்பி வடிவதை நிறுத்துமே தவிர, ஏறுவதை நிறுத்தாது. அதனால்தான் கோடையில் ஈரம். பேட்டரி நிறைந்ததும் ஏறுவதைக் கட்டுப்படுத்துகிற 10 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒன்று வாங்கிப் போடுங்கள். அதில் சீல்டு, ஜெல், தண்ணீர் பேட்டரி என்று தேர்வு இருக்கும், சீல்டு வையுங்கள். மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில்.


பரமத்தி வெயில்

பேனலில் தென்னை ஓலை நிழல் விழுகிறதா என்று காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் போய்ப் பாருங்கள். ஒரு மூலையில் ஒரு கீற்று நிழல் விழுந்தால்கூட மொத்தப் பேனலும் சுருங்கிவிடும், ஏனென்றால் உள்ளே எல்லாம் ஒரே வரிசை. தூசியைத் துடையுங்கள். ஆடி ஆவணியில் வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து அடாப்டர் சார்ஜரில் போட்டு நிறைத்துவிட்டால் மழைக்காலம் தாண்டிவிடும்.


ஆனைமலைத் தென்னை

நிழல்தான். 3 மணிக்கு மேல் பாதிப் பேனலில் விழுகிறது. கம்பத்தை வரப்புக்கு மாற்றுகிறேன். லைன் பேச்சை எடுத்தவரிடம் இந்தப் பக்கத்தையே காட்டினேன்.


மலையடிவாரம்

மேல் மூடியை நெம்பித் திறந்து, ஒவ்வொரு அறைக்கும் டிஸ்டில்டு வாட்டர் விட்டால் பேட்டரி பிழைக்கும் என்று ஒருவர் செய்து காட்டினாரே, உண்மையா?


ரிப்பேர் பெஞ்ச்

காய்ந்துபோன பேட்டரிக்கு அறைக்கு 2, 3 மில்லி விட்டால் கொஞ்ச நாள் ஓடும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் வால்வு பழையபடி மூடாது. ஆசிட் கசியும். மருந்து டேங்கில் அதை முதுகில் சுமக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். சல்பேட் ஆனதற்கு தண்ணீர் ஒன்றும் செய்யாது. என்னிடம் கொண்டுவருகிறவர்களுக்கு இப்போது செய்வதில்லை.

அதேபோல இப்போது சில பேர் டேங்கில் லித்தியம் பேக் மாற்றிக்கொள்கிறார்கள். 12.6 வோல்ட் என்று போட்டிருக்கிற லித்தியம் பேக்கை ஈய பேட்டரி சார்ஜரில் மாட்டவே கூடாது. 13.8 அதற்கு அதிகம், தீப்பிடிக்கும். அதற்கு அதனுடைய சார்ஜர்தான்.


கொறங்காட்டான்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். சார்ஜர் செய்துவிட்டேன். முதலில் டையோடுக்கு முன்னால் அளந்து 13.8 வைத்துவிட்டதால் பேட்டரியில் 13.5தான் வந்தது, திரும்பப் படித்துச் சரிசெய்தேன். பழைய இரண்டாவது பேட்டரியை 14.4 வோல்ட், 0.4 ஆம்பியரில் இரண்டு நாள் பகலில் போட்டுப் பார்த்தேன். 5 டேங்கிலிருந்து 8 ஆனது, அதற்குமேல் வரவில்லை. அதைக் கட்டுத்தறி எல்.இ.டி. விளக்குக்கு வைத்துவிட்டேன். கடையில் தராசில் போட்டுப் புதிது வாங்கினேன், 2 கிலோ 400 கிராம் இருந்தது. உப்பினதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டேன்.

இப்போது மருந்தடித்து வந்ததும் முதல் வேலை சார்ஜ். அட்டாலியில் வைப்பதில்லை, திண்ணையில் காற்று வருகிற இடத்தில் வைக்கிறேன். பேட்டரியை முதலில் மாட்டி அப்புறம் சுவிட்ச் போடுகிறேன். கழற்றும்போது சுவிட்ச் முதலில். மறுநாள் பொழுதோட பார்த்தால் கரண்ட் 0.06 ஆம்பியர், பேட்டரி குளிர்ச்சியாக இருக்கிறது. போன வாரம் 17 டேங்க் அடித்தும் பம்பு முனகவில்லை.

மச்சானுக்கும் ஒன்று செய்யவேண்டும். அவருடைய டேங்கில் 12 ஏ.எச். பேட்டரி. கரண்டை 1.2க்கு ஏற்றினால் மட்டும் போதுமா?


ரிப்பேர் பெஞ்ச்

போதும் தம்பி. வோல்டேஜ் அதேதான். அதே டையோடு, அதே ஃபியூஸ் தாங்கும். போர்டு சுட்டால் அதன் முதுகில் சின்ன அலுமினியத் துண்டு ஒட்டிவிடுங்கள்.